போர்க்கப்பலைக் காதாலும் பார்ப்பது: ஒலி ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நல்ல ஒலிக்கருவிகளில் இசை கேட்பதும், அருங்காட்சியகங்களாக மாறிவிட்ட பழைய போர்க்கப்பல்களில் ஏறி இறங்குவதும் எனக்குப் பிடித்தமான இரண்டு காரியங்கள். இசை கேட்கும் நண்பர்கள் கப்பலைப் பற்றியும், கப்பல் பார்க்க வருபவர்கள் ஒலியைப் பற்றியும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்ப எழுப்புவதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கும் பழைய போர்க்கப்பலைச் சுற்றிப் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்?

நினைப்பதைவிட நெருங்கிய சம்பந்தம் உண்டு. கடலுக்கு அடியில் ஒளி வெகுதூரம் செல்லாது, ஒலி செல்லும். ஆகவே நீர்மூழ்கிக் கப்பல்கள் வந்த பிறகு கடற்படைகள் ஒலியைப் பிடிப்பதிலும் பெருக்குவதிலும் பிரித்தறிவதிலும் பெரும் உழைப்பைக் கொட்டின. ஒலியால் கடலடியை ஆராயும் இரண்டாம் உலகப் போர்க்காலச் சோனார் கருவிகள் சிலவற்றில் இருந்த ரோஷல் உப்புப் படிகம், அதே காலத்து வீட்டு இசைத்தட்டுக் கருவிகளில் ஊசியைத் தாங்கும் தலைப்பகுதியிலும் இருந்தது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் அதன் இயல்புதான் இரண்டு இடங்களிலும் பயன்பட்டது.

இன்னொரு சம்பந்தம் கேட்கும் பழக்கத்தைப் பற்றியது. ஒலிக்கருவிகளோடு பழகியவர்களுக்கு ஓர் அறை எப்படி ஒலிக்கிறது என்பதைக் கவனிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும். அந்தக் காதோடு ஒரு கப்பலுக்குள் நுழைந்தால், விளக்கப் பலகையில் எழுதாத பலவும் புரியத் தொடங்கும். கண்ணுக்குப் பெரும்பாலான உள்ளறைகள் ஒரே சாம்பல் நிற இரும்பாகத்தான் தெரியும். காதுக்கு ஒவ்வோர் அறையும் வேறு.

கப்பலைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. முதலில் எந்த மாதிரிக் கப்பலைப் பார்க்கலாம்?

நடுத்தர அளவிலான, இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு குரூசரையோ அதைவிடச் சிறிய, வேகமான போர்க்கப்பலான டிஸ்ட்ராயரையோ முதலில் பாருங்கள் என்பதே என் கருத்து. லண்டனில் தேம்ஸ் ஆற்றில் நிற்கும் ஹெச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் நல்ல எடுத்துக்காட்டு. 1938-இல் வெள்ளோட்டம் விடப்பட்டு, 1943 டிசம்பரில் நார்வேயின் நார்த் கேப் முனைக்கு அப்பால் நடந்த சண்டையிலும் 1944-இல் நார்மண்டித் தரையிறக்கத்திலும் பங்கேற்ற அந்தக் கப்பல் 1971 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதன் 9 தளங்களில் சமையலறை, கொதிகலன் அறை, பீரங்கிக் கோபுரம், கட்டளை மேடை எல்லாம் ஒரே வருகையில் எட்டக்கூடிய தொலைவில் இருக்கின்றன.

விமானந்தாங்கிக் கப்பல்கள் மிகப் பெரியவை. சான் டியேகோவில் நிற்கும் மிட்வே போன்ற ஒன்றில் விமானங்களைப் பார்த்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும், கப்பலைப் பார்க்க நேரம் மிஞ்சாது. பாய்மரக் காலத்து ஹெச்.எம்.எஸ். விக்டரியும் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷனும் அற்புதமானவை என்றாலும், இரும்புக் கப்பல் ஒன்றைப் பார்த்த பிறகு அவற்றுக்குள் போனால் மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள வேறுபாடு காதிலேயே உறைக்கும்.

ஒரு கப்பலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

குரூசருக்கு அரை நாள், நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரத்திலேயே போய், கூட்டம் வருவதற்கு முன் அடித்தளங்களை முடித்துவிட்டு மேலே வருவது நல்லது, ஏனென்றால் காலடிச் சத்தம் இல்லாத எஞ்சின் அறை கிடைப்பது அரிது.

கிளம்புமுன் கப்பல் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மிதக்கும் அருங்காட்சியகங்களை அவ்வப்போது, நீரை வெளியேற்றிக் கப்பலை உலர நிறுத்தும் உலர்துறைக்கு இழுத்துச் சென்று அடிப்பாகத்தைச் செப்பனிட வேண்டியிருக்கிறது. யு.எஸ்.எஸ். டெக்சாஸ் 2022-லும் யு.எஸ்.எஸ். நியூ ஜெர்சி 2024-லும் அவ்வாறு இடம்பெயர்ந்தன.

ஏணிகளும் குறுகிய வழிகளும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒத்துவருமா?

மேல்தளம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். கீழ்த்தளங்களுக்குப் போகும் படிகள் ஏறக்குறைய செங்குத்தான ஏணிகள். அவற்றில் ஏணியைப் பார்த்தபடி, பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும், இரு கைகளும் காலியாக இருக்க வேண்டும். நீர் புகாத கதவுகளுக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு விளிம்பு இருக்கும். அதைத் தாண்டக் காலைத் தூக்கும் கணத்தில்தான் எல்லோரும் தலையை மேல்விளிம்பில் இடித்துக்கொள்கிறார்கள்.

நீர்மூழ்கிக் கப்பல்களில் இந்தச் சிரமம் இரட்டிப்பாகும். ஜெர்மனியின் லாபோ கடற்கரையில் 1972 முதல் நிற்கும் யூ-995 ஆனாலும், விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா ஆனாலும், ஒருவர் பின் ஒருவராகவே போக முடியும். அடைபட்ட இடங்களில் மூச்சு முட்டுவதாக உணர்பவர்கள் உள்ளே நுழையுமுன் வெளிவாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம்.

எஞ்சின் நின்றுபோன கப்பல்தானே, அங்கே கேட்க என்ன இருக்கிறது?

கப்பலின் வடிவமும் பொருளும் ஒலியில் அப்படியே இருக்கின்றன. மரத்தளத்தில் நடந்து வந்து இரும்புத் தளத்தில் கால் வைக்கும்போது உங்கள் காலடி ஓசை மாறுவதைக் கவனியுங்கள். மேலே மரம் அடியை விழுங்குகிறது. உள்ளே இரும்பு அதைப் பக்கத்து அறைவரை கொண்டுபோகிறது. தாங்குதூண் ஒன்றில் உள்ளங்கையை வைத்து நின்றால், இரண்டு தளங்களுக்கு மேலே யாரோ ஓடுவதைக் காதுக்கு முன்னால் கை உணர்ந்துவிடும்.

சில கப்பல்கள் இன்னமும் உயிரோடு இருக்கின்றன. 1797-இல் வெள்ளோட்டம் கண்ட கான்ஸ்டிடியூஷன் இன்றும் அமெரிக்கக் கடற்படையின் பணிப்பட்டியலில் உள்ளது. பணியிலிருக்கும் மாலுமிகளே அதைச் சுற்றிக்காட்டுகிறார்கள், காலையிலும் மாலையிலும் கொடிமரியாதையின்போது பீரங்கி முழங்குகிறது. இதற்கு நேர்மாறானது ஜப்பானின் யோகோசுகாவில் உள்ள மிகாசா. 1905-ஆம் ஆண்டு சுஷிமாப் போரில் அட்மிரல் டோகோவின் முதன்மைக் கப்பலாக இருந்த அது, கரையோரம் கான்கிரீட்டில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் நடக்கும்போது கப்பலின் அசைவு துளியும் இராது. மிதக்கும் கப்பலில் கயிறு இழுபடும் முனகலும் நீர் அறையும் ஒலியும் எவ்வளவு இயல்பாக நம் கவனத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தன என்பது அங்கேதான் உறைக்கும்.

கட்டளை மேடையில் பித்தளைக் குழாய்கள் வரிசையாக நிற்கின்றனவே, அவற்றில் பேசினால் உண்மையிலேயே கேட்குமா?

கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்காகும்போது ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது, ஏனென்றால் ஒலி எல்லாத் திசைகளிலும் விரிந்துகொண்டே போகிறது. குழாய்க்குள் விரிய இடமில்லை. ஆகவே சாதாரணக் குரலே பல தளங்கள் கீழே இருக்கும் எஞ்சின் அறைக்குப் போய்ச் சேரும்.

ஆனால் குழாய்ச் சுவர்களோடு உரசும்போது உயர் அதிர்வெண்கள்தாம் முதலில் தேய்கின்றன. ச, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மை மங்கிவிடும், குழாயின் நீளத்துக்கேற்ற சில சுருதிகள் மட்டும் தூக்கலாக ஒலிக்கும். கட்டளையைக் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற கடற்படை வழக்கத்தின் அருமை இங்கே தெரியும். ட்ரெபிளை, அதாவது உயர் ஒலிகளை, குறைத்து வைத்த ஒரு ஹார்ன் ஸ்பீக்கரை வீட்டில் கேட்டிருப்பவர்களுக்கு இந்தக் குரல் புதிதாக இராது. வாய்ப்பிருந்தால், ஊழியரிடம் கேட்டுவிட்டு, உடன் வந்தவரை மறுமுனைக்கு அனுப்பிப் பேசிப் பாருங்கள்.

மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும் தொலைபேசி கப்பலில் இருந்தது என்கிறார்களே, அது எப்படி?

அமெரிக்கப் போர்க்கப்பல்களில் கனத்த ஹெட்போனும் மார்பில் தொங்கும் பேசுகருவியும் மாட்டிய மாலுமிப் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அது. பேசுபவரின் குரல் ஒரு மெல்லிய தகட்டை அசைக்கிறது. தகட்டோடு ஒரு சிறு தண்டால் இணைந்த இரும்பு நாக்கு, நிலைக்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே, கம்பிச்சுருளுக்குள் ஆடுகிறது. அந்த ஆட்டமே மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மறுமுனையில் அதேபோன்ற கருவி அந்த மின்னோட்டத்தைத் திரும்ப ஒலியாக்குகிறது. பேட்டரியும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை. குண்டு விழுந்து மின்சாரம் போனாலும் பீரங்கிக் கோபுரமும் சேதம் தடுக்கும் குழுவும் பேசிக்கொண்டே இருக்கலாம் என்பதே இதன் பெருமை.

நாக்கு நடுவில் சமநிலையில் நிற்கும் இந்த அமைப்பு உங்களுக்கு வேறொரு பெயரில் பழக்கமானதாக இருக்கலாம். விலையுயர்ந்த இயர்போன்களில் போடப்படும் பேலன்ஸ்டு ஆர்மச்சூர் டிரைவரின் அடிப்படையும் இதுதான். கடற்படைத் தொலைபேசியில் இசையின் இனிமையை எதிர்பார்க்க வேண்டாம், பேச்சு புரிவதற்கென்றே அது செய்யப்பட்டது. அந்த வேலையில் அது பல வீட்டு இன்டர்காம்களை வெட்கப்பட வைக்கும்.

சோனார் அறையில் ஒலிபரப்பும் 'பிங்' சத்தம் உண்மையா, சினிமாவுக்காகச் செய்ததா?

ஒலி உண்மை, ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை ஆஸ்டிக் என்று அழைத்த போர்க்காலக் கருவி, ஏறக்குறைய 14 முதல் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் ஒலித்துடிப்புகளை நீருக்குள் அனுப்பியது. நம்மில் பலருக்கு அது காதிலேயே விழாது. திரும்பி வந்த எதிரொலியை மற்றோர் அதிர்வெண்ணோடு கலந்து, ஏறக்குறைய 1 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்த்தித்தான் ஹெட்போனுக்கு அனுப்பினார்கள். எனவே நமக்குப் பழக்கமான 'பிங்' மனிதக் காதுக்காகக் கீழே இறக்கப்பட்ட ஒலி.

அதைக் கேட்டவர்களின் வேலையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் செல்லும் என்பதால், எதிரொலி திரும்ப எடுத்த நேரத்திலிருந்து தொலைவு கிடைத்தது. எதிரொலியின் சுருதி சற்று ஏறியிருந்தால் இலக்கு நெருங்குகிறது, இறங்கியிருந்தால் விலகுகிறது. அரைச் சுருதிக்கும் குறைவான வேறுபாட்டைப் பல மணி நேரக் களைப்புக்கு இடையில் பிடிக்க வேண்டும். ஆகவே இந்தப் பணிக்கு ஆள் எடுக்கும்போது சுருதி பிரித்தறியும் திறனையும் சோதித்தார்கள். எதையும் அனுப்பாமல் கேட்க மட்டும் செய்யும் முறையும் உண்டு. அதில் உந்துவிசிறியின் துடிப்பை எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணித்தார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸில், ஃபிளவர் வகைக் கார்வெட்டுகள் என்ற சிறிய துணைக்காவல் கப்பல்களில் எஞ்சிய ஒரே கப்பலான சாக்வில் நிற்கிறது. அட்லாண்டிக்கில் வணிகக் கப்பல்களுக்குத் துணையாகச் சென்றவர்கள் எவ்வளவு சிறிய, எவ்வளவு ஆடக்கூடிய கப்பலில் உட்கார்ந்து இதைக் கேட்டார்கள் என்பதை அங்கே பார்க்கலாம்.

நீர்மூழ்கிக் கப்பலின் சத்தத்தைப் பதிவு செய்யப் போய்த்தான் இசைத்தட்டுகளின் தரம் உயர்ந்தது என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் ஆர்தர் ஹேடியும் அவருடைய குழுவினரும், பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்காக, ஜெர்மானிய நீர்மூழ்கியின் ஒலியையும் பிரிட்டிஷ் நீர்மூழ்கியின் ஒலியையும் வேறுபடுத்திக் காட்டும் பயிற்சிப் பதிவுகளைச் செய்ய வேண்டியிருந்தது. வேறுபாடு உயர் அதிர்வெண்களில் ஒளிந்திருந்தது, அன்றைய தட்டுகளோ அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை. தட்டில் ஒலிப்பள்ளம் வெட்டும் தலையையும் மைக்ரோபோன்களையும் மேம்படுத்தி ஏறக்குறைய 14,000 ஹெர்ட்ஸ் வரை பதியும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள்.

போர் முடியும் காலத்தில் அதே முறை எஃப்.எஃப்.ஆர்.ஆர். (முழு அதிர்வெண் வரம்புப் பதிவு) என்ற முத்திரையோடு இசைத்தட்டுகளில் வந்தது. காது வடிவத்துக்குள் அந்த நான்கு எழுத்துகள் பொறித்த பழைய டெக்கா தட்டு உங்களிடம் இருந்தால், அதன் வயலின்களின் மினுமினுப்புக்கு ஒரு பங்கு கடன் கடலடி எஞ்சின்களுக்கு உரியது.

'ஜே.ஏ.என்.' என்று அச்சிட்ட இராணுவ வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) என் ஆம்ப்ளிஃபயரில் நன்றாக ஒலிக்குமா?

அந்த முத்திரை, அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த தர அளவீட்டின்படி வால்வு செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அதிர்ச்சியையும் நடுக்கத்தையும் தாங்குவதும், ஒரு வால்வின் இடத்தில் மற்றொன்றைச் செருகினால் கருவி வேலை செய்வதும்தான் அந்த அளவீட்டின் அக்கறை. இசை இனிமை அதில் எழுதப்படவில்லை. உறுதியாகக் கட்டிய வால்வில் தட்டினால் ஒலிபெருக்கியில் 'டிங்' என்று கேட்கும் கோளாறு குறைவாக இருக்க வாய்ப்புண்டு, அது உண்மையான நன்மை. அதற்கு மேல் சொல்லப்படுவதில் பாதி விற்பவரின் கற்பனை.

வாங்குமுன் சோதனைக் கருவியில் அளந்த எண்களைக் கேளுங்கள். பெட்டியின் மேல் உள்ள நங்கூரப் படம் அதற்கு ஈடாகாது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் பல நூறு வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். அதை வெளியேற்றத் தெரியாதவர்கள் உள்ளே கைவைக்க வேண்டாம்.

இரும்பு அறைக்குள் பேசினால் குரல் 'பூம்' என்று எழும்புகிறது. என் வீட்டு அறையிலும் பேஸ் (தாழ்ந்த ஒலி) இப்படித்தான் எழும்புகிறது. காரணம் ஒன்றுதானா?

ஒன்றேதான். இதைக் கற்றுக்கொள்ளப் போர்க்கப்பலைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு இணையான சுவர்களுக்கு இடையே ஒலி போய் வரும்போது, அரை அலைநீளம் அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் சுருதி மட்டும் ஓங்கி நிற்கும். 2 மீட்டர் அகல அறையில் அது ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸ். தாழ்ந்த ஆண்குரலின் அடிச்சுருதி அங்கேதான் விழுகிறது, எனவே நீங்கள் 'ம்' என்று சுருதியை மெல்ல இறக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அறை முழுவதும் உங்களோடு சேர்ந்து முனகும். வீட்டில் 4 மீட்டர் நீள அறைக்கு அதே கணக்கு 43 ஹெர்ட்ஸ் என்று வரும், அங்கே பேஸ் கிட்டாரின் கீழ்ச்சுருதிகள் மாட்டிக்கொள்கின்றன.

அடுத்து, வெறுமையாக இருக்கும் வெடிமருந்து அறையில் ஒருமுறை கைதட்டுங்கள். பிறகு மூன்றடுக்குப் படுக்கைகளும் மெத்தைகளும் நிறைந்த மாலுமிகளின் உறங்குமிடத்தில் தட்டுங்கள். முதலாவதில் ஓசை மணிபோல் இழையும், இரண்டாவதில் தட்டிய இடத்திலேயே செத்துவிடும். ஆனால் இரண்டு இடங்களிலும் தாழ்ந்த குரலில் முனகிப் பார்த்தால், மெத்தைகள் 'பூம்' ஓசையைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்பது தெரியும். வீட்டில் கம்பளமும் திரையும் போட்ட பிறகும் பேஸ் அடங்கவில்லை என்று பலர் வருந்துவதன் விடை அங்கே இருக்கிறது. மென்மையான பொருள்கள் நடு, உயர் அதிர்வெண்களை உறிஞ்சும். தாழ்ந்த அதிர்வெண்ணை உறிஞ்ச மிகுந்த தடிமன் வேண்டும். செலவில்லாத மருந்து, ஸ்பீக்கரையும் நாற்காலியையும் சுவரிலிருந்து நகர்த்துவது. ஓங்கி நிற்கும் சுருதி சுவரோரத்தில் மிகுந்தும் அறையின் நடுப்பகுதியில் தேய்ந்தும் இருக்கும், ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தைத் தேடிப் பிடியுங்கள்.

நல்ல ஸ்பீக்கரும் சப்வூஃபரும் இருந்தால் பெரிய பீரங்கியின் வெடியை வீட்டில் அப்படியே கேட்கலாமா?

முடியாது, முயலவும் வேண்டாம். பேர்ல் ஹார்பரில் நிற்கும் யு.எஸ்.எஸ். மிசூரியின் 16 அங்குலப் பீரங்கி, 1,225 கிலோகிராம் எடையுள்ள குண்டை வீசியது. அந்த வெடி ஓர் அழுத்த அலை, அது உடலை இடிக்கும். இப்போது வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் 107 டெசிபல் கிடைக்கும். இன்னும் 10 டெசிபல் வேண்டுமென்றால் 1,000 வாட் வேண்டும். அதற்குள் ஸ்பீக்கரின் சுருள் கருகியிருக்கும்.

மைக்ரோபோனே அந்த உச்சத்தில் திணறி, முகட்டை வெட்டித்தான் பதிகிறது. ஆகவே பதிவுகளில் நாம் கேட்பது வெடிக்குப் பிந்தைய உருமலையே. அதை அளவான ஒலியில், நீளமாகத் தேயும் வால்பகுதி கேட்கும்படி கேட்பதுதான் சுவை. காதுக்கு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்கான பரவலான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகிறது.

கப்பலுக்குள் ஒலிப்பதிவு செய்து வந்து வீட்டில் கேட்கலாமா?

பெரும்பாலான அருங்காட்சியகங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குத் தடை சொல்வதில்லை. கான்ஸ்டிடியூஷனைப் போல இன்னும் கடற்படையின் கையில் உள்ள கப்பல்களில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்தால் அது ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கி, அமைதியான அறையையும் எஞ்சின் அறையையும் ஒன்றுபோல் ஆக்கிவிடும், அந்த வசதியை அணைக்க முடிந்தால் அணையுங்கள். கருவியை இரும்பின் மேல் நேரடியாக வைக்காமல் மடித்த துணியின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் கப்பல் முழுவதன் காலடிகளும் அதில் ஏறிவிடும். மேல்தளத்தில் காற்றுத்தடுப்பு இல்லாத மைக்ரோபோன் வீண்.

ஒலிவழிகாட்டி வாங்க வேண்டுமா? என்னுடைய நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனையே போட்டுக்கொள்ளலாமா?

வரலாறு தெரியாதவர்களுக்கு ஒலிவழிகாட்டி பயன்படும். ஆனால் சுற்றுச்சத்தத்தை அழிக்கும் ஹெட்போனை ஏணிகளில் போடுவது ஆபத்து, மேலிருந்து 'இறங்குகிறேன்' என்று ஒருவர் குரல் கொடுப்பது கேட்காது. தவிர, கேட்பதற்காகவே வந்த இடத்தில் அதை அணிந்தால் வந்ததன் பொருளென்ன? ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். அந்த வகைக் கப்பலில் பணியாற்றிய முன்னாள் மாலுமி யாராவது தன்னார்வ வழிகாட்டியாக நின்றால், கருவியைப் பையில் போட்டுவிட்டு அவரிடம் எஞ்சின் அறையில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.

கப்பலில் பலகைகளை மாற்றிக்கொண்டே போனால் அது எப்படி அசல் கப்பல்? என் பழைய ஆம்ப்ளிஃபயரில் கெபாசிட்டர்களை மாற்றினாலும் இதே கேள்வி வருகிறதே?

கான்ஸ்டிடியூஷனில் ஆதி மரம் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதமே இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா என்ற பழைய போர்க்கப்பலிலோ 95 சதவீதத்துக்கு மேல் ஆதி மரம்தான், ஏனென்றால் அது 1628-இல் முதற்பயணத்திலேயே மூழ்கி, 1961 வரை நீரடியில் கிடந்தது. உலர்ந்து வெடிக்காமல் இருக்க அதன் மரத்தின் மேல் 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்தார்கள். ஆனால் வாசா இனி ஒருபோதும் மிதக்காது, பார்வையாளர்களும் அதற்குள் ஏற முடியாது. கான்ஸ்டிடியூஷன் மிதக்கிறது.

ஆம்ப்ளிஃபயரையும் இதே கண்ணோடு பாருங்கள். அது அரிய முதல் தயாரிப்பு, அலமாரியில் இருக்கப்போகிறது என்றால் எதையும் தொடாமல் வையுங்கள், மின்சாரமும் கொடுக்காதீர்கள். தினமும் பாடப்போகிறது என்றால், உள்ளே உலர்ந்துபோகும் மின்பகு கெபாசிட்டர்களைத் தயங்காமல் மாற்றுங்கள். பழையது கசிந்து டிரான்ஸ்ஃபார்மரை எரித்துவிட்டால், மாற்றிக் கிடைக்காத உறுப்பை இழப்பீர்கள். எடுத்த உறுப்புகளை ஓர் உறையில் போட்டு, எந்தத் தேதியில் எதை எதற்காக மாற்றினீர்கள் என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள்.